மிச்சத்தில் அழியாத கால்தடங்கள்

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை முதல், தென் லண்டனின் மிச்சம் பகுதியிலும் அயலிலும் வசித்த நூற்றுப் பதினான்கு தமிழர்களின் கால்தடங்கள் அழியாமல் தரையில் தங்கத் தொடங்கின. நிறம் வெளிர் நீலம். மழை அவற்றைக் கழுவவில்லை. கவுன்சில் அனுப்பிய நீர்பீச்சும் வண்டி மூன்று முறை வந்து தெருவைச் சுத்தமாக்கியது. தடங்கள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொரு குதியின் ஓரத்திலும் அது பதிந்த நாளும் மணியும் பொடி எழுத்தில் இருந்தன. வாசற்படி வரை வந்து நின்றுவிடும், வீட்டுக்குள் பதியாது. யாருடைய தடம் என்பதில் குழப்பம் வரவில்லை. அவரவர் சப்பாத்தை அவரவர் வீட்டார் அறிவார்கள்.

ஷிப்டுக்குப் போவதாகச் சொன்ன ஒருவர் இரண்டு கிழமையாக மிச்சம் பொதுவெளியின் குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது தெரியவந்தது; வேலை போனதை அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. முருகன் கோவில் சபைக்காரர் ஒருவரின் தடம் வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கத் தேவாலய வாசலுக்குப் போய் வந்தது. சனங்கள் ஒருவரையொருவர் பார்க்கும்போது முதலில் காலைப் பார்த்தார்கள். பங்குனி பிறப்பதற்குள் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நூற்றுப் பதினான்கு பேரிடமும் ஒரே செயலி இருந்தது. மரண அறிவித்தல், பூப்புனித நீராட்டு, காணாமற்போனோர் விபரம் எல்லாவற்றையும் போனுக்குக் கொண்டுவரும் அந்தச் செயலியைச் செய்தவர் கஜந்தினி, முப்பத்துநான்கு வயது, இரண்டு பிள்ளைகளின் தாய்.

தேவாலய மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். இலங்கைத் தூதரகத்துக்கு உளவு வேலை செய்கிறாரா என்று ஒருவர் கஜந்தினியிடம் நேராகவே கேட்டார். அவர் அழவில்லை. "நான் எழுதினது பத்தில ஒரு பங்குதான். மற்றதெல்லாம் வெளியில ரெடிமேடா எடுத்துப் பூட்டினது. எத்தினை பேர் திறக்கினம் எண்டு எண்ணுறதுக்கு ஒரு கோட் துண்டு சும்மா கிடைச்சுது. அதுதான் எல்லாரையும் பின்தொடர்ந்திருக்கு," என்றார். அந்தத் துண்டை விநியோகித்த கம்பனியின் நிபந்தனைகள் அறுபத்தொரு பக்கம். நாற்பத்தெட்டாம் பக்கத்தில், நடமாட்டத் தகவல் பங்காளிகளுடன் பகிரப்படலாம் என்று இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி ஒற்றை விரலால் அதற்கு அவர் சம்மதம் அழுத்தியிருந்தார்.

மண்டபத்தில் தடமே பதியாத ஒருவர் சூசைதாசன். பழைய பொத்தான் போன் வைத்திருப்பவர். "தலையாட்டியை அங்கயே விட்டிட்டு வந்தம் எண்டு நினைச்சன். பிள்ளை, நீர் அவனை எங்கட பொக்கற்றுக்குள்ள கொண்டுவந்து விட்டிருக்கிறீர்," என்றார். தலையாட்டி யாரென்று அங்கே எவருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. சுற்றிவளைப்பில் முகத்தை மறைக்கும் சாக்கோடு கொண்டுவரப்படுபவன். யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரை இராணுவம் ஏற்றிக்கொண்டு போகும். சூசைதாசனின் மனைவி எமில்டாவின் தம்பி றெஜினோல்ட் 1996இல் யாழ்ப்பாணம் குருநகரில் அப்படித்தான் போனவன், திரும்பி வரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் எமில்டா எழுந்து மண்டபத்தை விட்டு வெளியேறினார். சூசைதாசன் அதைக் கவனித்தார். அன்று பின்னேரம் முதன்முறையாக மனைவியின் தடங்களை வாசித்தபடி அவை போன வழியே போனார்.

புதன்கிழமை, புதன்கிழமை, புதன்கிழமை. பேருந்துத் தரிப்பிடத்தில் மறைந்து, நோர்பரியில் இறங்கி, பச்சைக் கதவு ஒன்றின் படியில் நின்று, ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பின. "இஞ்சரும், நோர்பரியில உமக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். "தெரிஞ்ச ஒராள்," என்று சொல்லிவிட்டு எமில்டா சோறு வடித்தார்.

துண்டைக் கழற்றுவதற்குக் கஜந்தினி ஒரு கிழமை தவணை கேட்டிருந்தார். அந்தக் கிழமையின் புதனன்று சூசைதாசன் மனைவியின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார். தடம் எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்ததால் கூட்டத்துக்கு வந்திருந்த நான்கு பேரும் பின்னால் போனார்கள். கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே சமையலறை மேசையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவரும் எமில்டாவும் எதிரெதிரே இருந்தார்கள்.

"இவர் கனகலிங்கம்," என்றார் எமில்டா, குரல் உயராமல். "றெஜினோல்டைக் கண்டு தலையாட்டினவர். போன வைகாசி அப்பில தம்பியின்ர படத்தைப் போட்டனான் எல்லே, அதைப் பார்த்திட்டு இவராத்தான் போன் எடுத்தவர். அடிச்சுக் கேட்டுத்தான் தலையாட்ட வைச்சவையாம். நாற்பத்தொரு புதன்கிழமை வந்து இருந்திருக்கிறன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுவார். எந்த ஆமிக் காம்புக்குக் கொண்டு போனவை எண்டு இப்பத்தான் சொல்ல வெளிக்கிட்டவர்."

கனகலிங்கம் சூசைதாசனைப் பார்த்தார். பிறகு அவர் தோளுக்கு மேலால் வாசலில் நின்ற நான்கு முகங்களைப் பார்த்தார். எழுந்து உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று பொழுது படுவதற்குள் செய்தி கிழக்கு லண்டன் மனோர் பார்க் வரை போய்விட்டது. கனகலிங்கத்திடமும் அந்தச் செயலி இருந்தது. மறுநாள் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அவருடைய தடங்கள் பச்சைக் கதவைவிட்டு வெளிக்கிட்டு நோர்பரி ரயில் நிலையத்துக்கு முன்னால் இருந்த குப்பைத்தொட்டி வரை போய், அங்கேயே முடிந்தன. தொட்டிக்குள் போன் கிடந்தது. அவர் எந்த ரயிலில் ஏறினார் என்று யாருக்கும் தெரியாது.

சூசைதாசன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "உம்மைச் சந்தேகப்பட்டது என்ர பிழைதான்," என்றார்.

"சந்தேகப்பட்டது பரவாயில்லையப்பா," என்றார் எமில்டா. "ஒரு அரை மணித்தியாலம் பிந்தி வந்திருக்கலாம்."

சொன்ன தவணையில் கஜந்தினி துண்டைக் கழற்றினார்; நீலத் தடங்கள் புதிதாகப் பதிவது நின்றது. அடுத்த மாதம் மற்ற நிறங்கள் வந்தன. சாப்பாடு வரவழைக்கும் செயலியால் செம்மஞ்சள், நித்திரையை அளக்கும் செயலியால் ஊதா. இப்போது வெள்ளையர், கானாக்காரர், போலந்துக்காரர் எல்லாருக்கும் பதிந்தது. நாயோடு நடந்தவர்களுக்கு நாயின் தடமும் சேர்ந்தது. வீட்டு முகவர்கள் தடம் குறைந்த தெரு என்று விளம்பரத்தில் போட்டார்கள். சில கம்பனிகள் மன்னிப்புக் கடிதம் எழுதின. கோடைகாலம் முடிவதற்குள் லண்டன் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது.

எமில்டா இன்றும் புதன்கிழமைகளில் போனைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வெளியே போகிறார். எங்கே என்று சூசைதாசன் கேட்பதில்லை. போன் அடித்தால் எடுத்து, "அவ வெளியில போயிருக்கிறா," என்று மட்டும் சொல்கிறார்.