நெட்டை கிழித்த கோடு

என் அம்மாவுக்கு உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. தையற்கடை வைத்திருக்கிறாள். துணி கொண்டுவருகிறவர்கள் கண்ணெதிரிலேயே அதை அளந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே எடுத்து வைப்பாள், பிறகு வந்து குறைகிறது என்று சண்டை பிடிக்கக் கூடாதாம். நான் கால்பந்து ஆட வெளிநாடு கிளம்பியபோது பெட்டியைவிட அவள் சொன்ன புத்திமதிதான் அதிகக் கனம்.

"யாராச்சும் தண்ணி குடுத்தா மூடி திறக்காம இருக்கான்னு பாத்துக் குடி. ரொம்பச் சிரிச்சுப் பேசறவகிட்ட ரொம்ப உஷாரா இரு."

அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது. கோல்கீப்பருக்கு அது நல்ல குணம்தான். எதிரே ஓடி வருகிறவள் இடப்பக்கம் அடிக்கப்போவதாகக் கண்ணால் சொல்வாள். அதை நம்புகிறவள் வலைக்குள் கிடக்கும் பந்தைப் பொறுக்கவேண்டியதுதான். நான் நம்பியதில்லை. அதனால்தான் இந்த கிளப்பில் எனக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று இந்த சீசனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். என் ஒப்பந்தம் சீசனோடு முடிகிறது. நீட்டிப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்பதைக் கடைசி ஆட்டங்களைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். 'பந்து பொறுக்கப் போனவ திரும்பி வந்துட்டா' என்று சொல்லக் காத்திருக்கும் சித்திகள் எனக்கு இருக்கிறார்கள். அவர்கள் வாயை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

களத்தில் ஓடுகிறவர்களுக்குப் பத்து இடம் உண்டு. கோலில் ஒருத்திக்குத்தான் இடம். இரண்டாவது கோல்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, முதலாமவளுக்குக் காய்ச்சல் வராதா, கால் சுளுக்காதா என்று காத்திருக்க வேண்டும். எங்கள் அணியில் அப்படிக் காத்திருந்தவள் நெட்டை. கதவு நிலையில் குனிந்து வருகிற அளவுக்கு உயரம். கிளப் கொடுத்த வீட்டில் அவளும் நானும்தான் குடியிருந்தோம், ஆளுக்கு ஓர் அறை. அவள் மொழி வேறு, என் மொழி வேறு. இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த மூன்றாவது மொழியில்தான் பேசிக்கொள்வோம். அதை நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

நெட்டை ரொம்பச் சிரித்துப் பேசுகிறவள். என் கையுறைகளையும் சேர்த்து அலசிக் காயப்போடுவாள். நான் கோல் விட்ட நாட்களில் கதவைத் தட்டி, "சாப்பிட்டியாடி?" என்பாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று நினைத்துக்கொள்வேன். குளிர்பெட்டியில் என் பால் பாக்கெட்டின் வாயை டேப் ஒட்டி வைத்தேன். என் தண்ணீர் பாட்டிலின் மூடியிலும் டேப். அவள் அதையெல்லாம் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"அவமேல எப்பவும் ஒரு கண்ணு வச்சிரு" என்றாள் அம்மா போனில்.

"வச்சிருக்கேம்மா."

கோல்கீப்பர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன், கோலுக்கு முன்னால் இருக்கிற சின்னக் கட்டத்துக் கோட்டில், இரண்டு கம்பங்களுக்கும் சரி நடுவில், பூட்ஸ் குதிகாலால் புல்லில் ஒரு கீறல் போட்டுக்கொள்வோம். ஆட்டத்தின் நடுவே திரும்பித் திரும்பிக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கீழே கீறலைப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். பாதி ஆட்டத்துக்குப் பிறகு பக்கம் மாறுவதால் இரண்டு கோலிலும் முன்பே கீறி வைத்துவிடுவேன். கோலின் நடுவுக்கு நேர் எதிரே வெள்ளையாகப் பெனால்டி புள்ளி இருக்கிறதே, அதைப் பார்த்து நிற்கலாமே என்று கேட்பார்கள். அந்தப் புள்ளியைச் சாயத்தில் அடிக்கிறவர், புல் வெட்டிக் கோடு போடுகிற மைதானக்காரர். அவர்மேல் எனக்கு என்ன நம்பிக்கை? நான் என் கண்ணால்தான் நடுவை எடுப்பேன். சொல்லப்போனால் இந்த சீசனில் அவர் புள்ளி கொஞ்சம் இடப்பக்கமாகவே விழுந்திருந்தது. மனுஷன் குடித்துவிட்டு அடித்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

சீசன் தொடக்கத்தில் பயிற்சியில் ஒரு பந்து பக்கத்திலிருந்து வந்து முகத்தில் மோதியது. கொஞ்ச நாள் கண்ணுக்கு முன்னால் கொசு பறப்பது போல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்லும் கோல்கீப்பர் மறுவாரம் பெஞ்சில் இருப்பாள். பிறகு கொசு போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கோல்கள் விழத் தொடங்கின. எல்லாம் என் இடப்பக்கக் கம்பத்தை ஒட்டி, எல்லாம் முதல் பாதியில்.

"முதல் பாதியில உனக்கு என்ன, தூக்கக் கலக்கமா?" என்று கேட்டார் கோச். முன்பு கோல்கீப்பராக இருந்த அம்மாள், விரல்களெல்லாம் கோணல் கோணலாக இருக்கும். "ரெண்டாவது பாதியில வேற ஆளாட்டம் நிக்கறே."

எனக்கும் காரணம் தெரியவில்லை. அப்புறம் ஒரு சொந்த மைதான ஆட்டத்தில் கண்டுபிடித்தேன். இரண்டாவது பாதிக்குப் போய் நின்றேன். கீழே பார்த்தால் என் கீறல் இல்லை! பூட்ஸால் தேய்த்து மூடியிருந்தது. அதற்கு ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி புதிதாக ஒரு கோடு. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அந்தக் கோட்டை நம்புவேனா நான்? என் கண் காட்டிய இடத்தில்தான் நின்றேன். இடக் கம்பத்தை ஒட்டி ஒன்று உள்ளே போனது. தோற்றோம்.

இடைவேளையில் நாங்கள் ஓய்வறைக்குப் போனதும் பெஞ்சில் இருப்பவர்கள்தான் களத்தில் இறங்கிப் பந்தடித்துப் பழகுவார்கள். அந்த நேரத்தில் கோலில் நிற்பவள் யார்? நெட்டை. என் கோட்டை நகர்த்தி வைத்து, நான் குழம்பி, கோல் விட்டு, ஊருக்குப் பெட்டி கட்ட, அவள் என் இடத்தில் ஏறி நிற்க வேண்டும். ரொம்பச் சிரித்துப் பேசுகிறவள் என்று அம்மா சொன்னது சரியாகப் போயிற்று.

"சும்மா போய்க் கத்தாதே" என்றாள் அம்மா. "இல்லவே இல்லைன்னு சாதிப்பா. கையும் களவுமா பிடி."

அடுத்த சொந்த மைதான ஆட்டத்தில் இடைவேளைக்கு எல்லாரும் உள்ளே போக, நான் பூட்ஸ் கயிறு கட்டுகிற சாக்கில் வாசலிலேயே நின்றேன். நெட்டை கோலுக்கு வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். குதிகாலால் என் கீறலைத் தேய்த்தாள். இரண்டு கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, புதுக் கோடு கிழித்தாள். பாவி! கிழித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி பந்து பிடிக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு நான் எப்படி ஆடினேன் என்று எனக்கே நினைவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. மறுநாள் காலை, புல் வெட்டுவதற்கு முன்பே, கோச்சைக் கூப்பிட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தேன். நெட்டையையும் வரச் சொன்னேன். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் எனக்கு.

"கோச், இதோ பாருங்க. தேஞ்சு கிடக்கே, இது நான் போட்டது. இது இவ போட்டது. நான் கோல் விடணும்னு என் கோட்டை நகத்தி வைக்கறா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

கோச் நெட்டையைப் பார்த்தார். நெட்டை தரையைப் பார்த்தாள்.

"இத விட்டுடேன், ப்ளீஸ்" என்றாள் என்னிடம் மெதுவாக. "வா, வீட்டுக்குப் போலாம்."

"ஏன் விடணும்? மடியில கனமா?"

மைதானக்காரர் கோடு அடிக்க வைத்திருக்கும் கயிறு கிடந்தது. நான் தையற்காரி மகள், அளவு எடுக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நடு என்றால் இரண்டு கம்பத்திலிருந்தும் ஒரே தூரம் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? இடக் கம்பத்தில் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொள்ளும்படி கோச்சிடம் கொடுத்தேன். நெட்டையின் கோடு வரை இழுத்து, அந்த இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு கோச்சை வலக் கம்பத்துக்குப் போகச் சொல்லி அங்கிருந்து இழுத்தேன்.

முடிச்சு நெட்டையின் கோட்டின்மேல் அப்படியே உட்கார்ந்தது.

"கயிறு இழுபடுது" என்றேன். மறுபடி அளந்தேன். மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தது. என் கீறலுக்கு இழுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கயிறு எட்டவில்லை, மறுபக்கம் தொங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். நெட்டையின் கோட்டுக்கு நேர் எதிரே, மைதானக்காரர் அடித்த பெனால்டி புள்ளி வெள்ளையாக இருந்தது.

கோச் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என் எதிரே வந்து நின்றார்.

"வலது கண்ணை மூடு."

மூடினேன். தன் கையை விரித்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். கோணல் விரல்களில் பாதிதான் தெரிந்தது. மீதி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகத் திரை இறங்கியிருந்தது. இத்தனை நாளில் ஒரு கண்ணை மட்டும் மூடிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரையே சந்தேகப்பட்டவள், என் கண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை.

"எத்தனை நாளா?" என்றார் கோச்.

நெட்டைதான் வாயைத் திறந்தாள், கோபமாக. அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உன் இடம் வேணும்னா நான் சும்மா இருந்தாலே போதுமேடி! நீ போட்ட கோட்டுலயே உன்னை நிக்க விட்டிருந்தா எப்பவோ வெளிய போயிருப்ப. உன் கோடு தள்ளித் தள்ளிப் போறதைப் பாத்துக் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு புரிஞ்சுது. உனக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும்னுதான் யாருக்கும் தெரியாம சரி பண்ணி வச்சேன். நீ கோச்சையே கூட்டிட்டு வந்து கயிறு பிடிச்சுக் காட்டற!"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது போதாதென்று அளந்து வேறு காட்டினேன். கோச் அங்கேயே சொல்லிவிட்டார், இனி இந்த சீசன் முழுக்க நெட்டைதான் கோலில். அவர் குரலில் இரக்கம் இருந்தது, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று மதியமே கண் டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். கண்ணுக்குள் விழித்திரை கிழிந்து உரிந்துகொண்டிருந்ததாம், சுவரில் காகிதம் உரிவதுபோல. பார்வையின் நடுப்பகுதிக்கு வர இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

"சீசன் முடியட்டும்னு விட்டிருந்தா இந்தக் கண்ணு போயிருக்கும்" என்றார் டாக்டர்.

இதைக் கேட்டு வெளியே உட்கார்ந்திருந்த நெட்டை அழுதாள். அந்த உயரத்துக்கு அவள் அந்தச் சின்ன நாற்காலியில் மடங்கி உட்கார்ந்து அழுததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவள் நல்லெண்ணத்தில் செய்த காரியம் என் கண்ணைத் தின்றிருக்கும். நான் கெட்ட எண்ணத்தில் செய்த காரியம் அதைக் காப்பாற்றியிருக்கிறது. இந்தக் கணக்கை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

"தெரிஞ்ச அன்னைக்கே ஏன்டி எங்கிட்ட சொல்லலை?" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"எப்படிச் சொல்றது? உனக்குக் கண்ணு சரியில்லைன்னு ரெண்டாவது கோல்கீப்பர் வந்து சொன்னா, நீ என்ன நினைச்சிருப்ப?"

இல்லை என்று சொல்ல ஆசைப்பட்டேன். பால் பாக்கெட்டிலிருந்த டேப் நினைவுக்கு வந்தது. இவள் என் இடத்துக்கு அடி போடுகிறாள் என்றுதான் நினைத்திருப்பேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது. வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, என் கண் போவதை என்னிடம் சொல்ல முடியாதபடி நான்தான் அவள் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

அறுவை சிகிச்சை ஆயிற்று. பகலும் இரவும் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பார்வை முழுசாக வருமா, அடுத்த சீசன் ஆடுவேனா என்பதை இப்போது சொல்ல முடியாதாம். புது ஒப்பந்தம் நெட்டைக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆட்டத்துக்குக் கிளம்பும் முன் அவள் என் அறைக்கு வந்தாள். போனைத் தரையில் வைத்து, கட்டில் விளிம்பில் முகத்தைத் தொங்கவிட்டு அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா கீழேயிருந்து என் மூக்கைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"சொட்டு மருந்து நேரம்" என்றாள் நெட்டை.

"யாருடி அது?" என்றாள் அம்மா. அவள் பேச்சு நெட்டைக்குப் புரியாது. "அந்த நெட்டச்சியா? கையில என்ன பாட்டில்? புதுசா, திறந்ததா? நீதான் நிமிந்து பாக்க முடியாதே, அவளை மருந்து பேரைப் படிக்கச் சொல்லு."

அம்மா என்ன கேட்கிறாள் என்று நெட்டைக்கு ஒருவாறு புரிந்திருக்க வேண்டும். பாட்டிலை என் நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, எழுத்துத் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள். அதில் கிண்டல் இல்லை, என் வழக்கத்துக்கு அவள் பழகிவிட்டிருந்தாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் படிக்கவில்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, நல்ல கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டேன்.

"ஊத்துடி" என்றேன்.