மறுவீட்டுச் சொதி

விடியுமுன்னே சமையல்கார ஜெபகனி அண்டாவைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தபோதே முதியோர் இல்லத்துக் கூடத்தில் ஒவ்வொருவராக வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓடிப்போய் நெஞ்சை நீவிவிடுவதும், திரும்பி வந்து மிச்சத்தைத் தேய்ப்பதுமாக அல்லாடினாள். அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை அழுக்கோடு அனுப்ப அவளுக்கு மனசு வராது. பித்தளையில் வெட்டியிருந்த குமரகுருபரன் என்ற பெயர் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் அதை எடுத்துப்போக வந்த வேனில் ஏற்றினாள்.

அண்டாவில் வந்தது, அந்த அண்ணாச்சியின் மகள் கல்யாணத்து மறுவீட்டு விருந்தில் மிஞ்சிய தேங்காய்ப்பால் சொதி. நேற்று மத்தியானம் வைத்தது, பொழுது சாய்ந்துதான் இல்லத்துக்கு வந்தது. மூடியைத் திறந்ததுமே முகர்ந்து பார்த்தாள்.

"ஐயா, தேங்காப்பாலுல்லா, லேசா வாடை வருது. நான் ரசம் வச்சிருதேன்."

இல்லத்தின் செயலாளர் வேதநாயகம், அண்ணாச்சியோடு எடுக்கப்போகும் போட்டோவுக்குச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பைய பேசும்மா. அண்ணாச்சி நமக்குப் புதுக் கட்டடம் கட்டித் தாரேன்னு சொல்லியிருக்காவ. சுட வச்சுப் போடு."

கொதிக்கவிட்டால் சொதி திரிந்துபோகும். பார்த்துப் பார்த்து வெதுவெதுப்பாகச் சுடவைத்தாள். இல்லத்தில் இருந்த பிலோமினா டீச்சர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விடிந்ததும் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டீச்சர் மட்டும் கண்ணே திறக்கவில்லை. பின்னாலேயே சுகாதார ஆய்வாளர் இல்லத்துக்கு வந்தார்.

"ராத்திரி என்ன சாப்பாடு?"

"சொதிய்யா. கல்யாண வீட்டுலேருந்து வந்துது."

"மிச்சம் இருக்கா? வந்த பாத்திரமாவது?"

"கழுவி அனுப்பிட்டேன்யா."

அவர் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கழுவிட்டியா?"

ஜெபகனி வேதநாயகத்தைப் பார்த்தாள்.

"அடுப்படி முழுக்க இந்தம்மா பொறுப்புதான் சார்" என்றார் அவர்.

காலைக்கென்று அரைத்து, யாரும் தொட்டுக்கூடப் பார்க்காத சட்னியை ஆய்வாளர் பாட்டிலில் அடைத்துக்கொண்டார். சமையலறைக்குப் பூட்டுப் போட்டார்.

"டீச்சருக்கு ஏதாவது ஒண்ணுன்னா போலீஸ் உன்னத்தான் கேக்கும்" என்றார் வேதநாயகம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டீச்சரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கை சில்லென்று இருந்தது. டீச்சர் பிழைக்க வேண்டுமே என்றும், தன் கதி என்னாகுமோ என்றும் மாறி மாறி ஜெபித்தாள். எது முதலில் வந்தது என்று நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வார்டு வாசலில் சலசலப்பு. இல்லத்தில் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டு அண்ணாச்சி கஞ்சி கொண்டுவந்திருந்தார். வேதநாயகம் போனை நீட்டிக் குறி பார்த்தார்.

"ஜெபகனி, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. படத்துல விழுத."

தள்ளி நின்றாள். அண்ணாச்சிக்குப் பக்கத்தில் கஞ்சியோடு அதே அண்டா தகதகவென்று மின்னியது. காலையில் அவள் தேய்த்த தேய்ப்பு அப்படி.