வெள்ளிக்கிழமை ஊதா

எய்விந்த் அவளிடம் கடைசியாகக் கேட்டது, உருளைக்கிழங்கு வாங்கியாகிவிட்டதா என்றுதான்.

மீன் தொழிற்சாலையின் மாடியில் இருந்த அலுவலக அறையில் இங்குன் பிரிண்டரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எடைச் சீட்டில் சிவப்புக் கோடு விழ வேண்டிய இடத்தில் வெள்ளைக் கீறல்கள் விழுந்துகொண்டிருந்தன. அதற்கு அவள் கண்டுபிடித்திருந்த வைத்தியம் ஒன்றுதான். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வெந்நீரில் நனைத்த தாளில் அதன் வாயை ஒற்றியெடுத்து மறுபடி செருகுவாள். விரல்களெல்லாம் மெஜந்தா மையின் சிவப்பாகியிருந்தன.

வியாழக்கிழமை, மணி நாலு. கீழே வெட்டுக் கூடத்தில் கத்திகள் ஓய்ந்திருந்தன. இனி கழுவுகிறவர்களின் நேரம். கழுவும் வேலையிலிருந்த அவள் கணவன் எய்விந்த் ரப்பர் பூட்ஸைப் படியடியில் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பளிக் காலுறையோடு மேலே வந்து, காப்பிப் பானையிலிருந்து தன் பிளாஸ்கை நிரப்பினான்.

"யாரைக் கொன்னே? கையெல்லாம் ரத்தமா இருக்கு?"

"ஹெல்கே வாங்கிப் போட்ட மையைத்தான். சாவேனாங்குது."

"துணி துவைக்கும்போது என் சட்டையோட சேர்க்காதே." அவன் பிளாஸ்க் மூடியைத் திருகினான். "உருளைக்கிழங்கு வாங்கிட்டியா?"

"வாங்கியாச்சு, போ."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கார்ட்ரிட்ஜ் சரியாக உட்காரும் 'டிக்' சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அது கேட்பதற்குள் அவன் படியிறங்கிப் போயிருந்தான்.

கழுவும் அறையில் இரண்டு வகைக் கேன்கள். ஒன்றில் குளோரின் கலந்த காரம். தினமும் நுரைத் தொட்டியில் ஊற்றி மேசை, தரை, கத்தி எல்லாவற்றுக்கும் அடிப்பது. மற்றதில் அமிலம். வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மட்டும், தொட்டியைக் காலி செய்து அலசிவிட்டு, சுண்ணப் படிவை எடுக்க. இரண்டும் கலந்தால் விஷவாயு கிளம்பும். இரண்டையும் பெரிய பீப்பாயிலிருந்து ஒரே மாதிரியான வெள்ளைக் கேன்களில் பிரித்து வைப்பார்கள். கழுவுகிறவர்களில் ஒருவன் லித்துவேனியாக்காரன், முன்பு இருந்தவன் போலந்துக்காரன், அடுத்து யார் வருவானோ. அதனால் அங்கே யாரும் எழுத்தைப் படிப்பதில்லை. நிறம்தான் பாஷை. நீலம் தினசரிக்கு, ஊதா வெள்ளிக்கிழமைக்கு.

அந்த ஊதாவைத் தேர்ந்தெடுத்தவள் இங்குன். சிவப்பு ஏற்கெனவே கழிவுத் தொட்டிக்குப் போயிருந்தது, மஞ்சள் கண்ணாடி துடைக்கும் திரவத்துக்கு. ஏப்ரலில் நல்ல கத்தரிப்பூ நிறத்தில், நடுவில் வெள்ளை எழுத்து விட்டு, லேபிள்களை அவளே வரைந்து அடித்தாள். அதற்கு முந்தின வாரம்தான் ஹெல்கே பிரிண்டர் கம்பெனியின் மையை நிறுத்திவிட்டு, வேறு எங்கிருந்தோ மூன்றிலொரு பங்கு விலைக்கு ஒரு பெட்டி நிறைய வரவழைத்திருந்தான். ஹெல்கே மேலாளர், தெற்கிலிருந்து வந்தவன். பெட்டியின் மேல் 'இரண்டு ஆண்டுகள் மங்காது' என்று பெரிதாகவும், 'நேரடி வெயில் படாத இடத்தில்' என்று அதன் கீழே சின்னதாகவும் போட்டிருந்தது. கேன்களுக்கான அலமாரியையும் அவன்தான் வடக்கு ஜன்னலோரம் அடிக்கச் சொன்னான்.

"வடக்கு ஜன்னல்ல வெயில் எங்கேருந்து வரும்?" என்றான்.

தெற்கே அது சரி. இந்த வடகோடியில் மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை சூரியன் இறங்குவதேயில்லை. ஆட்கள் வீட்டுக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில், வடக்குக் கடலின் மேல் தாழ்வாக வந்து அந்த ஜன்னலுக்குள்தான் பார்க்கும்.

ஜூன் மாதம் வாசலில் ஒட்டிய அறிவிப்பு வெளிறியதைக் கண்டு, "இந்த மெஜந்தா நிக்கலை ஹெல்கே" என்று அவள் சொல்லியிருந்தாள். "மீனுக்கு நிறம் தெரியவா போகுது?" என்றான் அவன். அவளும் சிரித்தாள். அதைத்தான் பிற்பாடு அவளால் மறக்க முடியவில்லை.

நாலரைக்குக் கீழே யாரோ கத்தினார்கள். நீச்சல் குளத்தின் வாடை படியேறி வந்தது. அவள் இறங்கி ஓடியபோது எய்விந்தோடு கழுவுகிற லித்துவேனியாக்காரன் ரிமான்தாஸ் அவனை அக்குளில் பிடித்துப் படகுத்துறைக்கு இழுத்துக்கொண்டிருந்தான். இருவர் முகத்திலும் கண்ணீரும் சளியுமாக வழிந்தது. எய்விந்தை ஒரு மீன் பெட்டியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். ஈர மரத்தில் ரம்பம் இழுக்கிற மாதிரி மூச்சு விட்டான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹெலிகாப்டர் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதில் அவளுக்கு இடமில்லை.

"என் மச்சினன் காரை எடுத்துட்டு வரான். உன்னை ஆஸ்பத்திரியில விட்டுடுவான்" என்றான் ஹெல்கே. அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "அதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் மேல போய் லேபிள் அடிச்சுக் குடு. நீலம் பத்து, ஊதா பத்து. இன்னொருத்தனுக்கு இப்படி ஆயிடக் கூடாது இங்குன்."

அவள் போனாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மனம் ஹெலிகாப்டரோடு போய்விட்டது, கைகள் மட்டும் பழகின வேலையைச் செய்தன. அன்று பிரிண்டர் ஒரு கீறல்கூட விழாமல் அடித்தது. இருபது லேபிள்களையும் அவன் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் எய்விந்த் இறந்தான். நுரையீரல் நிறைந்துவிட்டது என்றார்கள்.

ஞாயிறன்று ரிமான்தாஸ் வீட்டுக்கு வந்தான். கையில் கடையில் வாங்கிய கேக், இன்னொரு கையில் எய்விந்தின் பிளாஸ்க். பேசினால் இருமல் வந்தது.

"சாப்பிட்டியா?"

"ம்."

"பொய். இந்த ஊர்ல எல்லாரும் கேக் கொண்டுவந்து வைக்கிறாங்க, ஒருத்தர்கூட வெட்டித் தரமாட்டேங்கிறாங்க." அவனே கத்தியைத் தேடி எடுத்து வெட்டினான். ஒரு துண்டை அவள் முன்னால் நகர்த்தினான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். "இங்குன், அவன் நீலம்தான் எடுத்தான். நான் பக்கத்துல நின்னேன். நீலம்."

"அப்புறம் எப்படி?"

"அதான் தெரியலை. தொட்டியில பாதி நுரைக்காரம் இருந்துச்சு. பத்தாதுன்னு ஒரு கேன் எடுத்து ஊத்தினான். ஊத்தினதும் பச்சையா கிளம்பிச்சு. என்னைத்தான் முதல்ல வெளிய தள்ளினான்."

"அந்தக் கேன் எங்கே?"

"எல்லாத்தையும் ஹெல்கே அன்னைக்கே நசுக்கிக் குப்பைக் கப்பல்ல ஏத்திட்டார். இப்ப புதுக் கேன், புது லேபிள்."

இங்குன் கேக் தட்டைக் கீழே வைத்தாள். ஊதா என்பது என்ன? நீலத்தின் மேல் மெஜந்தா. மெஜந்தா போனால் மிஞ்சுவது நீலம். மூன்று மாதம் அந்த ஜன்னலில் நின்ற வெள்ளிக்கிழமைக் கேன் வியாழக்கிழமைக் கேனாகிவிட்டது. ஒரே நாளில் ஆகியிருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஆனதால் தினமும் பார்த்தவர்கள் பார்க்கவில்லை. அதற்கான கடைசித் தடயத்தை அழிக்கத் தேவையான இருபது லேபிள்களை அவளே அடித்துக் கொடுத்திருக்கிறாள். விரலிடுக்கில் மெஜந்தா இன்னும் போகவில்லை. யாரைக் கொன்னே?

செவ்வாய்க்கிழமை தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து பெரித் என்ற அதிகாரி வந்தாள். அவள் வந்து சேருமுன் ஹெல்கே இங்குனின் அலுவலக அறைக்கு வந்து, கதவை மெதுவாகச் சாத்தினான்.

"உன்னை இந்த நிலைமையில கூப்பிட்டதுக்கு மன்னிச்சுக்கோ. கேட்டா சுருக்கமா பதில் சொல்லு, போதும்." அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மையைப் பத்தியெல்லாம் இழுக்க வேண்டாம். லேபிளை வரைஞ்சது யாரு, அடிச்சது யாருன்னு கேப்பாங்க. அப்புறம் உன் பேருதான் எழுத்துல வரும். நான் அதைத் தடுக்கத்தான் பார்க்கறேன். புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது.

கழுவும் அறையில் பெரித் இரண்டு கேன்களை மேசைமேல் வைத்தாள். ஒன்று பளிச்சென்ற நீலம். ஒன்று பளிச்சென்ற ஊதா. நேற்றுப் பூத்தது போல இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க" என்றாள் பெரித். அவள் குரலில் கனிவு இருந்தது. "உங்க கணவருக்கு நிறக்குருடு மாதிரி ஏதாவது இருந்துச்சா?"

"இல்லை."

"கண்ணாடி போடுவாரா?"

"இல்லை."

"இந்த ரெண்டையும் ஒருத்தர் எப்படி மாத்தி எடுக்க முடியும்னுதான் யோசிக்கிறேன்."

ஹெல்கே கதவருகே நின்றான். ரிமான்தாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏஜென்சி ஆள். ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அடுத்த கப்பலில் ஊருக்குப் போக வேண்டியதுதான். இங்குன் வாயைத் திறந்தாள். இது நான் வியாழக்கிழமை அடித்தது, அவன் பார்த்தது இதில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் அப்படியானால் அவன் பார்த்ததை அடித்தது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

"எனக்குத் தெரியலை" என்றாள்.

பெரித் கேன்களைப் படமெடுத்துக்கொண்டு, மாலைக் கப்பலில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து அடுத்த வாரமே இங்குன் வேலைக்குத் திரும்பினாள். தினமும் ஏதாவது காரணம் சொல்லிக் கழுவும் அறைக்குள் போய் ஜன்னலோரம் நிற்பாள். சூரியன் இன்னும் இறங்கவில்லை. பத்தாம் நாள் ஊதாவில் ஒரு சோகை தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்திராது. அன்று கிடங்கிலிருந்து வலைக்கயிறு எடுத்து, அமிலக் கேன் ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"கண்ணை நம்பாதே. தடவிப் பாரு" என்று ரிமான்தாஸிடம் சொன்னாள். "முடிச்சு இருந்தா வெள்ளிக்கிழமை."

"சரி, அம்மா" என்றான். அவளைவிட அவனுக்கு இரண்டு வயதுதான் குறைவு. அவள் பல நாட்களுக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள்.

மறுநாள் காலை கயிறுகள் அறுக்கப்பட்டு அவள் மேசைமேல் கிடந்தன. ஹெல்கே பின்னாலேயே வந்தான்.

"மீன் படற இடத்துல கயிறு கூடாதுன்னு சுகாதார விதி இருக்கு. நூல் பிரிஞ்சு மீன்ல போச்சுன்னா மொத்த சரக்கையும் திருப்பி அனுப்பிடுவாங்க. உனக்குத் தெரியாததா?"

"லேபிள் மறுபடியும் வெளுக்குது, ஹெல்கே."

"வெளுத்தா புதுசா அடி. பெட்டியில இன்னும் ஒம்பது கார்ட்ரிட்ஜ் இருக்கே."

அன்று மாலை வீட்டில் பாத்திரம் கழுவும்போது ஜன்னல் விளிம்பில் இருந்த பிளாஸ்க் கண்ணில் பட்டது. ரிமான்தாஸ் கொண்டுவந்து வைத்ததிலிருந்து அதை அவள் தொடவில்லை. ரிமான்தாஸுக்கும் அதே மாதிரி ஒன்று உண்டு. ஏப்ரலில், மிஞ்சிய ஊதா லேபிள் ஒன்றை எய்விந்த் தன்னுடையதில் சுற்றி ஒட்டியிருந்தான். "இனிமே என் காப்பியைக் குடிச்சீன்னா வயிறு வெந்துடும், பாரு" என்று ரிமான்தாஸை மிரட்டுவான். வேலை நேரமெல்லாம் அது அந்த வடக்கு ஜன்னலில்தான், கேன்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பல நாள் அங்கேயே மறந்து விட்டுவிட்டும் வருவான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். லேபிள் நீலமாக இருந்தது.

அன்றிரவே பெரித்துக்குக் கடிதம் எழுதினாள். மையைப் பற்றி, ஜன்னலைப் பற்றி, அன்று அடித்த இருபது லேபிள்களைப் பற்றி எல்லாம் எழுதினாள். வரைந்ததும் அடித்ததும் நான்தான், ஜூனிலேயே ஹெல்கேயிடம் சொன்னேன் என்றும் எழுதினாள். அன்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன் என்றும். பிளாஸ்கைப் படமெடுத்து வைத்தாள். தபால் பெட்டியில் போட்டுவிட்டு அங்கேயே சற்று நேரம் நின்றாள். இனி வரும் ஒவ்வொரு காரும் தனக்காக வருவதாகத் தோன்றியது.

யாரும் வரவில்லை. செப்டம்பரில் பாதுகாப்பு அலுவலகத்தின் அறிக்கை ஓர் உறையில் வந்தது. நாலு பக்கம். பரிசோதனையின்போது லேபிள்கள் தெளிவாகவும் ஒன்றுக்கொன்று எளிதில் வேறுபடுத்தக்கூடியதாகவும் இருந்தன. முந்தைய கேன்கள் கிடைக்கவில்லை. பிளாஸ்க் தனிநபரின் பொருள் என்பதாலும், அது எங்கெங்கே இருந்தது என்று உறுதிசெய்ய இயலாததாலும் கணக்கில் கொள்ளப்படவில்லை. ஊற்றும் முன் கேனைச் சரிபார்க்க இறந்தவர் தவறிவிட்டார். கழுவும் தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.

மறுபயிற்சி என்றால் ரிமான்தாஸுக்கு. அவன் இன்னும் இருமிக்கொண்டேதான் கழுவினான்.

இங்குன் காகிதத்தை மடித்து உறையில் வைத்தாள். பிளாஸ்கைத் தன் பக்கம் திருப்பினாள். லேபிளை எய்விந்த் கொஞ்சம் நீளமாகவே சுற்றி, ஒரு முனையின் மேல் மறுமுனையை ஏற்றி ஒட்டியிருந்தான். நகத்தால் மேல் முனையை மெல்லக் கிளப்பினாள். பசை விட்டுக்கொடுத்தது. அடியில், வெயில் படாத ஒரு விரற்கடை அகலம், ஏப்ரலில் அவள் அடித்துக் கொடுத்தபடியே ஊதாவாக இருந்தது.