வட்டிலப்பத் தட்டம்

திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நான்கு வெள்ளைக்காரரை நிறுத்திவைத்து, அருளம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். மண்டபம் அகதி முகாமின் தகரக் கூரைக்குக் கீழே மல்லாந்து கிடந்தபடி, பதினெட்டு ஆண்டுகளாக மனத்துக்குள்ளேயே அவர் நடத்திப் பழகிய உலா அது. எந்தச் சந்தியில் நிற்பது, எந்தக் கதவைக் காட்டுவது, எந்தக் கடையில் எதைச் சுவைக்கக் கொடுப்பது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அறியாதது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அந்தக் கதவுகளுக்கு முன்னால் என்ன நடந்தது என்பது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் ஆடி மாதம். போர் ஓய்ந்தது என்று ஒப்பந்தம் சொன்னது. உண்மையிலேயே ஓய்ந்ததா என்று ஊர் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. எழுபதுகளில் சுற்றுலா விடுதிகளில் வழிகாட்டியாக இருந்து, எண்பத்தைந்தில் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வள்ளம் ஏறிய அருளம்பலம், ஒரு கிழமைக்கு முன்னர் தனியாகத் திரும்பியிருந்தார். உப்புவெளியில் புதிதாக விடுதி திறந்த கொழும்பு முதலாளி ஸஹாப்தீன் அவருக்கு வேலை கொடுத்தார். ஊரை நடந்து பார்த்து, நடக்கும் வழியிலேயே ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடும் உலா. அதை நடத்துவதே வேலை.

அந்த உலா அருளம்பலத்துக்கு வெறும் பிழைப்பு அன்று. மனைவி இராசமலரும் மகளும் இன்னும் முகாமில்தான் இருந்தார்கள். "ஊர் எங்களைச் சேர்க்குமோ, சேர்க்காதோ எண்டு வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு வாறம்" என்று இராசமலர் அனுப்பிவைத்திருந்தாள். இன்று பின்னேரம் அவள் முகாமுக்கு வெளியே உள்ள தொலைபேசிக் கடையில் காத்திருப்பாள். விடுதியை விட்டு ஊருக்குள் முதன்முதலாக இறங்கி அதன் முகத்தைப் பார்க்கப் போகும் இந்த நாளில், அவர் அவளுக்கு விடை சொல்ல வேண்டும்.

கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்தது. அருளம்பலம் துவாயைத் தலையில் போட்டு, மூக்கையும் வாயையும் மூடிச் சுற்றிக்கொண்டார். கண்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. வந்தவர்களில் மூத்தவரான மார்யா அம்மையாருக்கு முழங்கால் நோவு. களைத்தால் ஏறிக்கொள்ளட்டும் என்று முதலாளி ஒரு வானை அனுப்பியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த வெள்ளை வான், நடப்பவர்களின் வேகத்திலேயே பின்னால் ஊர்ந்து வந்தது. பீற்றர் என்ற இளைஞனின் கழுத்தில் முழங்கை நீளத்துக் கமரா தொங்கியது.

"அதோ, அந்த நீலக் கதவு! ஊரிலேயே முதல்தரத் தோசை அங்கேதான்" என்று அருளம்பலம் கையை நீட்டிச் சுட்டுவிரலால் காட்டினார்.

உடனே கடைக்குள் கதிரைகள் பின்னுக்கு இழுபடும் ஓசை எழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் பாதித் தோசையை இலையிலேயே விட்டு எழுந்து வந்து, கடைச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். வலக்கையில் சம்பல் காயவில்லை. இடக்கை சட்டைப் பையைத் தடவியது.

விருந்தினருக்கு இடம்விட்டு எழுந்து நிற்கிறார்கள் என்று எண்ணி அருளம்பலம் நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு பண்பான மக்கள்!" என்று மார்யா அம்மையார் கண் கலங்கினார். மரியாதைக்கு மரியாதை செய்யாவிட்டால் எப்படி? வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்து, விடுதிக்காலத்தில் பழகிய முறைப்படி, ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று கண்ணைப் பார்த்துத் தலையை அசைத்தார் அருளம்பலம். கடைசியில் நின்றவன் வெருகல் பக்கத்திலிருந்து வந்து, தோசை வார்ப்பதும் பரிமாறுவதுமாக அங்கே வேலை செய்த முத்தன். அவனைப் பார்த்துத் தலை அசைந்ததுதான் தாமதம். சாம்பார் வாளியைக் கீழே போட்டுவிட்டு, பின்மதிலைத் தாண்டி மறைந்துபோனான்.

"கூச்ச சுபாவம்" என்று விருந்தினருக்கு விளக்கினார் அருளம்பலம். ஆனால் அந்த விளக்கம் அவருக்கே முழுதாகப் பிடிபடவில்லை.

கடை முதலாளி யோகலிங்கம் ஒரே வாங்கில் இருந்து அவரோடு படித்தவர். 'டேய்' என்றல்லாமல் வேறொரு சொல்லால் அவரை அழைத்தறியாதவர்.

"யோகு! நான் அருளம்பலமடா. தெரியேல்லையே?"

"தெரியாமல் என்ன, ஐயா. இருங்கோ, ஐயா."

"என்னடா ஐயா? விசரா உனக்கு?"

"இல்லை, ஐயா. எப்ப வந்தனீங்கள்? ஆரோட நிக்கிறீங்கள்...? ஐயோ, கேட்கேல்லை, ஐயா. சும்மா வாய் தவறிப்போச்சு."

தோசை மேல் தோசையாக வந்தது. கேட்காத வடையும் வந்தது; துவாயை உதட்டளவு தளர்த்தி அருளம்பலமும் சாப்பிட்டார். காசை நீட்டியபோது யோகலிங்கம் நெருப்பைக் கண்டவர்போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அருளம்பலம் தெருவில் இறங்கினார். வயிறு நிறைந்திருந்தது, மனத்தில் ஏதோ முள் தைத்திருந்தது.

அடுத்தது ஸல்ஹா உம்மாவின் வீடு. பெருநாள் என்றால், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவர் அவிக்கும் வட்டிலப்பத்துக்கு நகரமே காத்திருக்கும். பீற்றர் அந்த வீட்டைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, அருளம்பலம் கதவைத் தட்டினார். கதவு திறந்தது, வாசல் திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"ஆம்பிளயள் ஒருத்தரும் இல்ல. எல்லாரும் கிண்ணியாவுக்குப் போயிட்டாங்க."

"ஆம்பிளையள் எதுக்கு, உம்மா? வட்டிலப்பம் இருக்கோ?"

உள்ளே அலுமாரி திறந்து மூடும் ஓசை கேட்டது. பிறகு திரை விலகாமலே ஒரு தட்டம் வெளியே வந்தது. வாழையிலை விரித்த அந்தத் தட்டத்தில் முழு வட்டிலப்பம்; அதன் பக்கத்திலேயே, வெற்றிலை அடுக்கிவைத்ததைப்போல, வீட்டிலிருந்த எல்லாருடைய அடையாள அட்டைகளும் இருந்தன.

அருளம்பலம் அட்டைகளையும் வட்டிலப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இது என்ன புது வழக்கம்? இனிப்புக் கேட்டவனுக்கு அடையாள அட்டை எதற்கு? அவற்றைத் திரையின் ஊடாகத் திருப்பிக் கொடுத்தபோது, உள்ளே யாரோ விம்முவது கேட்டது. கதவு மூடப்பட்டது, தாழ்ப்பாள் விழுந்தது. தட்டம் அவர் கையிலேயே தங்கிவிட்டது.

டச்சுக்குடாக் கடற்கரையில் உட்கார்ந்து நால்வரும் வட்டிலப்பத்தைச் சுவைத்தார்கள். அருளம்பலம் கையை நீட்டி, "அந்த வள்ளங்களைப் பாருங்கள்" என்றார். வலை இழுத்தவர்கள் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கரையில் அவரைக் கண்டும் தம்பாட்டில் நின்றவை ஊருக்குள் திரியும் மான்கள் மட்டுமே. ஒரு மான் வந்து வாழையிலையை மென்று தின்றது. இந்த ஊருக்கு என்ன வந்தது? தமக்குத்தான் ஏதேனும் வந்துவிட்டதா? பின்னேரம் இராசமலருக்கு என்ன சொல்வது? 'ஊர் எங்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது' என்றா, 'கதவைச் சாத்துகிறது' என்றா? இரண்டுமே மெய்யாக இருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

கடைசித் தரிப்பு, டைக் வீதியில் பாக்கியரத்தினத்தின் பிட்டுக் கடை. மற்றவர்களைப்போல அந்த அம்மா ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. பிட்டுக்குழலை உலக்கைபோலப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"துவாயை எடு" என்றாள்.

"என்ன, அக்கா?"

"எடடா துவாயை! ஆற்ற முகம் எண்டு பாத்துப்போட்டுச் சாகிறன்."

அருளம்பலம் துவாயைக் கழற்றினார். பாக்கியரத்தினம் உற்றுப் பார்த்தாள். குழல் மெல்லத் தாழ்ந்தது.

"அட கண்டறியாதவனே! வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு திரியிற அருளம்பலமே நீ? சந்தியில இருந்து சனம் ஓடி வந்து சொல்லுது, தலையாட்டி வந்திட்டான், வெள்ளை வானோட வந்திட்டான், யோகலிங்கத்தின்ர கடையில முத்தனைக் காட்டிக் குடுத்திட்டான் எண்டு!"

"தலையாட்டியோ? நானோ?"

அந்தச் சொல்லை முகாமில் அவர் காதால் கேட்டிருந்தார், வாழ்ந்து அறியவில்லை. பாக்கியரத்தினம் அதை அவருக்கு விளங்கப்படுத்தினாள். இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடக்கும். தெருவிலுள்ள ஆண்கள் எல்லாரும் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும். கண்ணுக்கு மட்டும் துளைவிட்ட சாக்கால் முகத்தை மூடிய ஒருவனை வாகனத்தில் கொண்டுவந்து இறக்குவார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வருவான். யாருக்கு முன்னால் அவன் தலை அசைகிறதோ, அந்த ஆள் வீடு திரும்பமாட்டான்.

"என்ர மனுசனும் உந்தத் தெருவிலதான் நிண்டவர். சாக்குக்குள்ள இருந்து ரெண்டு கண், ஒரு தலையாட்டு. அவ்வளவுதான் விசாரணை" என்றாள். "காட்டினவன் நல்லவனோ கெட்டவனோ, அடி தாங்காமல் காட்டினானோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது."

"இப்ப சமாதானம்தானே, அக்கா?"

"சமாதானம் பேப்பரில வந்தது. காலுக்கு இன்னும் வரேல்லை."

விரல் வழி காட்டப் பிறந்தது. தலை வணக்கம் சொல்லப் பிறந்தது. துவாய் வியர்வை துடைக்கப் பிறந்தது. இம்மூன்றையும் பறித்தெடுத்து, மனிதனை மனிதன் விழுங்கும் கருவிகளாக்கிய காலத்தை எந்தப் பெயர் சொல்லி ஏசுவது! ஊர் அவரை வரவேற்கவில்லை, அவருக்கு அஞ்சியது. அந்த வடையும் வட்டிலப்பமும் விருந்து அல்ல, உயிருக்குக் கொடுத்த கப்பம். தாம் புன்னகையோடு செய்த ஒவ்வொரு தலையசைப்பும் அருளம்பலத்தின் நினைவில் மீண்டும் அசைந்தது.

"நான் தலையாட்டி இல்லையெண்டு போய்ச் சொல்லுறன், அக்கா."

"தலையாட்டியும் அதைத்தான் சொல்லுவான். இருட்ட முதல் உன்ர பேர் ஊர் முழுக்கப் போயிரும். அந்தப் பேரோட நீ இஞ்ச குடியிருக்க ஏலாது. பெண்சாதி பிள்ளையைக் கூப்பிடுறதை மறந்துபோடு."

பாக்கியரத்தினத்தின் பார்வை அவர் கையிலிருந்த தட்டத்தில் விழுந்தது.

"உது ஸல்ஹா உம்மான்ர தட்டமெல்லோ? ஏன் இன்னும் உன்ர கையில?"

"அவ கதவைச் சாத்திப்போட்டா."

"பறிச்சுத் தின்ன வந்தவன் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கிறதில்லை, தம்பி. அயலான்தான் திருப்பிக் குடுப்பான்." அவள் குசினிக்குள் போனாள்; தட்டத்தைக் கழுவி, ஆவி பறக்கும் பிட்டைக் குவித்து, மேலே கூனி இறால் சம்பலை வைத்து நீட்டினாள். "வெறுந்தட்டத்தோட போகாதை. வெறுந்தலையோட போ. வானும் வேண்டாம், வெள்ளைக்காரரும் வேண்டாம். அதுகள் இஞ்ச இருந்து சாப்பிட்டுட்டு வானில விடுதிக்குப் போகட்டும்."

வந்த வழியே தனியாகத் திரும்பி நடந்தார் அருளம்பலம். கச்சான் புழுதி கண்ணில் அடித்தது. முகத்தை மூட அவர் துணியவில்லை. இரு கைகளிலும் தட்டம் இருந்ததால் விரல் நீட்டவும் வழியில்லை. தலையை அசைக்காமல் நடப்பது இவ்வளவு கடினம் என்று அன்றுதான் அறிந்தார். எதிரே ஒரு முகம் வந்தாலே கழுத்து தன்பாட்டில் குனியப் பார்த்தது.

"ஸல்ஹா உம்மா, உங்கட தட்டம் கொண்டுவந்தனான்."

யன்னல் திரைக்குப் பின்னால் நிழல் ஒன்று நின்றது. தட்டம் நுழையும் அளவுக்கு மட்டும் கதவு திறந்தது. வளையல் போட்ட கை ஒன்று வெளியே வந்து தட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு மூடியது. கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"பாக்கியத்திட பிட்டா?"

"ஓம், உம்மா."

"தேங்காப்பூ காணாது."

தாழ்ப்பாள் விழுந்தது. அது மன்னிப்பா, ஏளனமா, வெறும் பிட்டு விமரிசனமா? மூடிய கதவின் முன்னால் அருளம்பலம் வெகுநேரம் நின்று பார்த்தார். விளங்கவேயில்லை.

நீலக் கதவுக் கடையில் கூட்டம் இல்லை. யோகலிங்கம் தனியே நின்று, கொட்டிப்போன சாம்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெறுந்தலையும் புழுதி முகமுமாக வந்து நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார். தெருவை எட்டிப் பார்த்தார். பின்னால் வான் இல்லை.

"பாக்கியமக்கா ஆள் விட்டுச் சொன்னவா" என்றார். அதற்குமேல் அடக்க முடியவில்லை. "டேய் மாட்டுத் தலையா! பதினெட்டு வருசத்துக்குப் பிறகு வாறவன் மனுசன் மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு வாறதில்லையோ? ஒரு வரிசை சனத்துக்குத் தலையாட்டிப்போட்டுப் போறியேடா, உனக்கு என்ன கோயில் மாடெண்டு நினைப்போ?"

அந்த 'டேய்' என்ற சொல் காதில் விழுந்ததும் அருளம்பலத்தின் கண்கள் நிறைந்தன. ஏச்சை இப்படி ஆசையோடு கேட்டு நின்ற மனிதனை அந்தக் கடை அதுவரை கண்டதில்லை.

"அழாதை, சனியனே! உன்னாலை முத்தன் ஓடிப்போனான். தோசை ஊத்த ஆளில்லை. உள்ளுக்கு வா, தட்டகப்பையைப் பிடி."

பிடித்தார். வார்த்த தோசை எல்லாம் கிழிந்தது. முத்தன் எங்கே போனான், வருவானா என்று எவருக்கும் தெரியவில்லை. காலையில் எழுந்துபோனவர்களில் சிலர் மெல்ல வந்து குந்தினார்கள். சிலர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வந்தவர் எத்தனை பேர் நம்பி வந்தார்கள், எத்தனை பேர் இன்னும் அஞ்சியே வந்தார்கள் என்பதை முகத்தைப் பார்த்து அருளம்பலத்தால் பிரித்தறிய முடியவில்லை. வெயில் தாழும்போது பின்கதவடியில் இடுப்புவரை நனைந்த ஓர் உருவம் வந்து நின்றது. முத்தன்! பகல் முழுவதும் கடலுக்குள் வள்ளத்தின் மறைவில் நின்றிருக்கிறான். அருளம்பலத்தை அவன் நேரே பார்க்கவில்லை, தோசைக்கல்லைப் பார்த்தான்.

"உதென்ன, தோசையோ, இல்லாட்டி நாட்டுப் படமோ?" என்று சொல்லி, தட்டகப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

தொலைபேசிக் கடைக்கு அருளம்பலம் போய்ச் சேர்ந்தபோது, இராசமலர் மண்டபத்துக் கடையில் நெடுநேரமாகக் காத்திருந்தாள்.

"என்னப்பா, ஊர் என்ன சொல்லுது?"

"தோசைக் கடையில டேய் எண்டு ஏசுறாங்கள். ஸல்ஹா உம்மா பிட்டுக்குத் தேங்காப்பூ காணாதெண்டு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்துறா."

"அது நல்லதோ, கெட்டதோ?"

"எனக்கும் வடிவா விளங்கேல்லை."

"அப்ப நாங்கள் வரலாமோ?"

அருளம்பலம் பதில் சொன்னார். ஆனால் மறுமுனையில் ஓசையே இல்லை. "இஞ்சருங்கோ, நிக்கிறீங்களோ? ஏன் பேசாமல் இருக்கிறீங்கள்?" என்று இராசமலர் பதறியபோதுதான், தாம் வாயால் எதுவும் சொல்லாமல் வெறுமனே தலையை அசைத்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. திடுக்கிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். கடைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அருளம்பலம் கழுத்தை நிமிர்த்தினார். கடைக்காரருக்கும் கேட்கும்படி, உரத்த குரலில், "ஓம், வாங்கோ" என்றார்.