எர்னிங் நிற்க வேண்டிய இடம்

மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் விட்டியரில் ஊரே ஒரே கட்டடத்தில் குடியிருப்பதால், இங்கே ரகசியம் காப்பது யாராலும் ஆகாத காரியம். ஒன்பதாம் மாடி எர்னிங்கைப் பார்க்க ஆங்கரேஜ் நகரத்திலிருந்து மெர்லிண்டா வருகிறாள் என்ற சேதி, லிஃப்டில் ஏறி இறங்கி, சனிக்கிழமை காலைக்குள் பதினாலு மாடிக்கும் போய்விட்டது.

எர்னிங்குக்கு நாற்பத்தாறு வயது. துறைக்குக் கப்பல் வந்தால் கயிறு கட்டுவான், கிளம்பினால் அவிழ்ப்பான். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அவன்தான் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாகப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறான். அவள் ஒருமுறைகூட வந்ததில்லை. கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்வாள். கல்யாணத்துக்குச் சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று இந்த ஊரைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக இப்போதுதான் மனசு இரங்கியிருந்தாள்.

'சனிக்கிழமை மத்தியானம் வர்றேன். நான் இறங்குற இடத்துல நீ நிக்கணும். இல்லேன்னா வந்த வழியே திரும்பிடுவேன்' என்று எழுதியிருந்தாள். அதை எர்னிங் கட்டடத்தில் பாதிப் பேருக்காவது காட்டியிருப்பான். ஒருத்தருக்காவது சந்தேகம் வரவேண்டுமே! எங்களுக்கு 'வர்றேன்' என்றால் சுரங்கம்தான். கடல் வழியாக வருவது மீனும் சுற்றுலாக்காரர்களும்.

சுரங்க வாசலில் காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. மலைக்கு அந்தப் பக்கமே போய் வரவேற்றால் அவள் மனம் குளிர்ந்துபோவாள் என்று ஒரு கணக்குப் போட்டான். இருப்பது ஒற்றைப் பாதை. முழு மணிக்கு ஊரிலிருந்து வெளியே விடுவார்கள், அரை மணிக்கு ஊருக்குள்ளே விடுவார்கள். இரண்டு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே போனான்.

இரண்டரைக்கு வந்த வண்டிகளில் அவள் இல்லை. கடைசி வண்டியும் உள்ளே போய், கதவும் மூடியாயிற்று. அப்புறம்தான் காவல் கூண்டுக்காரி ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள்.

"ஏய் எர்னிங்! சியாவோசி போன்ல கத்துறான். உன் ஆளு கப்பல்ல வந்து இறங்கிட்டாளாம்!"

"கப்பல்லயா? எந்தக் கப்பல்?"

"வால்டீஸ் ஊர்லேர்ந்து வர்ற கப்பல். மூணரைக்குத் திரும்பிப் போகுதாம். நீ என்னய்யா இங்க நின்னுக்கிட்டிருக்கே?"

எர்னிங் போனைப் பிடுங்கினான். சியாவோசி அவனோடு கயிறு கட்டுகிறவன், சமோவாக்காரன், மலை மாதிரி ஆள்.

"டேய், ஏன்டா கப்பல்ல வந்தா?"

"சுரங்கம்னா அவளுக்குப் பயமாம்டா. உள்ள போனா மூச்சு முட்டுமாம். அதுக்காக நேத்தே வேன் பிடிச்சு வால்டீஸ் போய், ராத்திரி தங்கி, காலையில கப்பல் ஏறியிருக்கா. ரெண்டு வருஷமா இதுகூடத் தெரியாம என்னத்தடா பேசிக்கிட்டிருந்தே?"

எர்னிங் மூடிய கதவைப் பார்த்தான். நாலு கிலோமீட்டர் இருட்டுக்கு அஞ்சி இரண்டு நாள் சுற்றி வந்திருக்கிறாள். தன்னைப் பார்க்க வந்திருக்கிறாள். தான் நிற்கவில்லை.

"கப்பலை நிறுத்தி வைடா!"

"முடிச்சு இறுகிடுச்சுன்னு ஒரு பத்து நிமிஷம் பொய் சொல்றேன். அதுக்கு மேல கேப்டன் என் தோலை உரிச்சிடுவான்."

மூன்றரைக்குக் கதவு திறந்ததும் முதல் வண்டி அவனுடையது. துறையில் வந்து குதித்தபோது மணி மூன்றே முக்கால். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கப்பல் வளைகுடாவின் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

எர்னிங் இரண்டு கையையும் ஆட்டிப் பார்த்தான். பிறகு கையைத் தொங்கப் போட்டான். பின்னால் கயிற்றுக் குவியலின் மேல் சியாவோசியின் மஞ்சள் மழைக்கோட்டு குந்தியிருந்தது. அவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு, எர்னிங் கடலைப் பார்த்தே பேசினான்.

"போயிட்டாடா. என்னைவிட மடையன் இந்த ஊர்ல கிடையாது. பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வால்டீஸ் போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன். இனி வீட்டை விட்டுட்டு ஆங்கரேஜுக்கே போயிடப்போறேன். அவ இல்லாத ஊர் எனக்கு எதுக்கு?"

"மூணு தடவை கூப்பிட்டாங்க, ஏறு ஏறுன்னு" என்றது மழைக்கோட்டு.

திரும்பினான். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட்டுக்குள் மெர்லிண்டா உட்கார்ந்திருந்தாள். கொட்டகைக்குள்ளிருந்து சியாவோசி பல்லை இளித்தான்.

"நிக்கலேன்னா திரும்பிடுவேன்னியே!" என்றான் எர்னிங்.

"சொன்னேன். எனக்காக நீ அந்தப் பக்கம் போய் நிக்கிறதா உன் கூட்டாளி மலை சொல்லிச்சு. அப்புறம் எப்படி ஏறுறது?"

"அடுத்த கப்பல் வியாழக்கிழமைதான்."

"தெரியும். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கு."

எர்னிங்குக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் மலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முழிக்காதே" என்றாள் அவள். "நாளைக்குச் சுரங்கத்துல ஒரு கையால ஓட்டுவியா?"

"ஏன்?"

"இன்னொன்னு எனக்கு வேணும்."