மூன்றாம் சுற்றில் வந்த அழைப்பு

கல்லூரியில் ஆடி முடித்த பெண்களைத் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு நியூயார்க் வரும்படி என் தம்பி மகள் ஷமாராவுக்கு லீக்கிலிருந்து அழைப்பு வரவில்லை. அழைப்பு வந்த பெண்கள் அங்கே மேடைக்கு எதிரில் பளபளப்பான உடையில் உட்கார்ந்திருப்பார்கள். அணிகள் முறை வைத்துப் பெயர் சொல்லச் சொல்ல, ஒவ்வொருத்தியாக எழுந்து போய் அந்த அணியின் தொப்பியை வாங்கிக்கொள்வாள். மற்றவர்கள் வீட்டில் டிவி முன்னால் காத்திருக்க வேண்டியதுதான்.

ஷமாரா தன் அறையில் தனியாகப் பார்ப்பதாகச் சொன்னாள். நான் ஒப்பவில்லை. டில்லர்ட் குடும்பத்தில் நல்ல சேதியோ கெட்ட சேதியோ, யாரும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டதில்லை. பாஸ்டரிடம் சொல்லி சபைக் கூடத்தையே வாங்கிவிட்டேன்.

"பேர் வரும்னு உறுதி கிடையாது அத்தை," என்றாள். "மொத்தமே மூணு சுத்து. ரெண்டாவதுல வரலாம், மூணாவதுல வரலாம், வராமலும் போகலாம்."

"வரும். நீ முதுகை நிமித்தி உக்காரு. அது போதும்."

எங்கள் சபையின் வாசல் ஊழியர்களுக்கு நான்தான் தலைவி. வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையும் போட்டு நான் கை காட்டும் இடத்தில்தான் பாஸ்டரின் மனைவியே உட்காருவார். அன்றைக்கும் அந்த உடையில்தான் வாசலில் நின்றேன். ஊரே வந்தது. பொரித்த கெளுத்தி மீன், கோழி இறக்கை, மக்ரோனி, வாழைப்பழப் புட்டிங், ஷமாராவின் பெயர் எழுதிய கேக் என்று மேசை நிறைந்திருந்தது.

சிஸ்டர் ஆர்னெட்டாவும் வந்தாள். அவள் மகன் கோர்டெல்லைப் பல வருடம் முன்பு அமெரிக்கக் கால்பந்து லீக்கில் கடைசிச் சுற்றில் எடுத்தார்கள். ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பி வந்தான். ஆனாலும் 'டிராஃப்டில் எடுத்த பையனின் தாய்' என்ற பட்டம் அவளிடம் நிலைத்துவிட்டது. ஞாயிறு தவறாமல் அதை யாருக்காவது சொல்லிவிடுவாள்.

"முதல் சுத்துலயே வந்துடுமா வெர்லீன்?" என்று கேட்டாள். "இல்ல, கேக்கு மேல பேரெல்லாம் எழுதிட்டியேன்னு கேட்டேன்."

"நீ போய் உக்காரு ஆர்னெட்டா. மீன் ஆறுது."

சபையின் இன்டர்நெட் நொண்டி. டிவியில் ஒரு பெயர் வருவதற்குள் அது எல்லோருடைய போனிலும் வந்துவிடுகிறது. முதல் பெயருக்கே பின்வரிசைப் பையன்கள் முந்திக்கொண்டு கத்தினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெயர் பின்வரிசையிலிருந்து வரக் கூடாது. காணிக்கைத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனேன். காணிக்கை போடுவது போலவே எல்லோரும் போனைப் போட்டார்கள். ஷமாராவும் போட்டாள்.

"எடுத்துக்குங்க அத்தை. அதப் பாத்துப் பாத்துக் கிறுக்குப் பிடிக்குது."

தட்டைக் கொண்டுபோய்ப் பாஸ்டரின் அறையில் வைத்தேன்.

முதல் சுற்று முடிந்தது. அதில் அவள் பெயர் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதுபோல் எல்லோரும் மறுபடி மீன் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் சுற்று தொடங்கியது. ஒவ்வொரு பெயருக்கு முன்பும் கூடம் அடங்கும், பெயர் வந்ததும் நாற்காலிகள் முனகும். என் தம்பி ரோஸ்கோ ஐஸ் பெட்டியை நிரப்புவதாகச் சொல்லி எழுந்து போய்க்கொண்டேயிருந்தான். அதில் ஐஸ் வழிந்துகொண்டிருந்தது. ஷமாராவின் கால் மேசைக்குக் கீழே ஓயாமல் ஆடியது. நான் தோளில் கை வைத்தால் நிற்கும், எடுத்தால் ஆடும்.

இரண்டாம் சுற்றும் முடிந்தது.

"அந்தக் கடைசிப் பொண்ணை நம்ம ஷமாரா போன வருஷம் மூச்சுவிட விடலியே," என்றார் டீக்கன் ஒருவர்.

"அதெல்லாம் பாத்தா எடுக்கறாங்க?" என்றாள் ஆர்னெட்டா. "கோர்டெல் பேரைச் சொன்னப்ப…"

என்னால் நிற்க முடியவில்லை. தட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பாஸ்டரின் அறைக்குப் போனேன். பித்தளைத் தட்டில் போன்கள் வண்டுகளைப் போல அதிர்ந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. மேலே கிடந்த ஒன்றில் 'டானா' என்ற பெயர் எரிந்தது. ஷமாராவின் ஏஜென்ட். அணிக்காரர்கள் பேசுவதெல்லாம் அவள் மூலம்தான். அவள் கூப்பிடுவாள் என்பது இவ்வளவு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எடுத்தேன்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? எத்தன தடவ அடிக்கிறது?"

"நான் அவ அத்தை பேசுறேன். மரியாதையாப் பேசும்மா."

"ஐயோ, மன்னிச்சுக்குங்க மேடம். அவகிட்ட குடுங்க, நேரமே இல்ல. டென்வர் அணி அடுத்த முறையில அவளை எடுக்கவான்னு கேக்குது."

"இதுல கேக்க என்ன இருக்கு? எடுக்கச் சொல்லு."

"அங்கதான் சிக்கல். டென்வர்ல அவ ஆடுற இடத்துக்கு ஏற்கெனவே ஆள் நிறைய. பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டு, எண்ணிக்கைக்கு ஓடவிட்டு, ஆட்டப் பருவம் தொடங்குறதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மில்வாக்கி அணியில ரெண்டு பொண்ணுங்களுக்கு முழங்கால் போச்சு. நிஜமாவே ஆள் வேணும். ஆனா அவங்களுக்கு எடுக்குற முறை மிச்சமில்ல. யாரும் எடுக்காம விட்டா அவங்க நேராக் கூப்பிட்டுக்குவாங்க. டென்வர் எடுத்துட்டா அவ டென்வரோட ஆளு, வேற யாரும் தொட முடியாது. வேண்டாம்னு சொல்லிடவா? அவ வாயால சொல்லணும்."

"வேண்டாம்னு சொன்னா டிவியில அவ பேர் வராதா?"

"வராது மேடம்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். 'எடுக்கட்டும், அவளும் அதைத்தான் சொன்னாள்' என்று நான் சொன்னால் முடிந்தது. அடுத்த நிமிடம் டிவியில் டில்லர்ட் என்ற பெயர் ஒலிக்கும். கூடம் எழுந்து நிற்கும். ஆர்னெட்டாவும் எழுந்துதான் ஆக வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே கோர்டெல் தன் டிரக்கில் சாய்ந்து நின்றிருந்தான். அம்மாவைக் கொண்டுவந்து விட்டவன் உள்ளே வரவேயில்லை. கூடத்து டிவியில் கைதட்டல் எழுந்தபோது டிரக்கின் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

நான் கதவைத் திறந்து கூடத்தின் ஓரமாக நடந்தேன். வாசல் ஊழியர்கள் ஓடுவதில்லை. நான் கிட்டத்தட்ட ஓடினேன். ஷமாராவைச் சமையலறைக்கு இழுத்துப்போய் போனைக் கொடுத்தேன். ஒரு பக்கமாகத் தலை சாய்த்துக் கேட்டாள். அவள் கால் ஆடுவது நின்றது.

"வேண்டாம்னு சொல்லிடு டானா."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "வெளிய ஊரே உக்காந்திருக்கு. உங்க தாத்தா கட்டின சபை இது. ஒரு தடவை பேர் வந்தா காலத்துக்கும் நிக்கும்."

"பேர் வேணும்னா பாஸ்டரைக் கூப்பிடச் சொல்லுங்க அத்தை, அவர்கிட்ட மைக் இருக்கு. எனக்கு ஆடணும்."

நான் கையை எடுத்தேன். அவள் மறுபடி சொன்னாள்: "வேண்டாம்னு சொல்லிடு."

டானா இன்னும் ஏதோ பேசினாள். ஷமாரா போனை ஸ்பீக்கரில் போட்டாள். டானாவின் குரல் கேட்டது: "ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. மில்வாக்கி கையெழுத்து நாளைக்குத்தான். டென்வரை வேண்டாம்னு சொன்னது அதுக்குள்ள வெளிய போச்சுன்னா ரெண்டு பக்கமும் கெட்டுடும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அப்பாகிட்டகூட."

ஷமாரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களால முடியுமா அத்தை?"

"என்னால முடியாதது எதையாவது நீ பாத்திருக்கியா?"

"ஆர்னெட்டா ஆன்ட்டி இருக்காங்களே."

"நட, உள்ள போ."

டென்வரின் முறை வந்தது. யாரோ ஒரு ஓஹையோ மாநிலப் பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். அவள் வீட்டில் எல்லோரும் குதிப்பதைக் காட்டினார்கள். அந்த இடம் எங்களுடையது என்று எனக்கும் ஷமாராவுக்கும் மட்டும் தெரியும். அதன்பிறகும் சில பெயர்கள் வந்தன. பிறகு திரையில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து நடந்ததை அலசத் தொடங்கினார்கள். யாரோ டிவியை அணைத்தார்கள்.

கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரோஸ்கோ ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்காக உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. பற்களை இறுக்கிக்கொண்டேன்.

"ஒருத்தர்கூடவா கூப்பிடல?" என்று ஆர்னெட்டா என் காதருகே கேட்டாள். நான் ஷமாராவின் பக்கத்தில் போய் நின்றேன். சபைக்குள் நான் பொய் சொல்வதில்லை.

பாஸ்டர் எழுந்தார். "யாராவது ஒரு ஜெபம்…" என்று அவர் முடிப்பதற்குள் ஆர்னெட்டா ஷமாராவின் தலையில் ஒரு கையும் என் தோளில் ஒரு கையும் வைத்துவிட்டாள்.

"பிதாவே, இந்தப் பிள்ளையை யாரும் கேக்கல. ஒரு அணிகூடத் திரும்பிப் பாக்கல. மனுஷங்க தள்ளினதை நீர் தள்ளமாட்டீர் ஐயா."

"ஆமாம் ஆண்டவரே," என்றது கூடம்.

"வாசல்ல நிமிந்து நின்ன குடும்பத்தைக் கொஞ்சம் குனிய வெச்சீரே, அதுக்கும் ஸ்தோத்திரம். இந்த அவமானத்தைத் தாங்க வெர்லீனுக்கு பலத்தைக் கொடும். அவளோட பெருமையை எடுத்துட்டுத் தாழ்மையைக் கொடும்."

என் பக்கத்தில் ஷமாராவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் வந்து முதுகைத் தடவினார்கள். குனிந்து பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். தொடையில் கிள்ளினேன். இன்னும் மோசமாகக் குலுங்கினாள்.

ஆர்னெட்டா அவசரப்படவில்லை. ரோஸ்கோவுக்கு, மறைந்த எங்கள் அப்பாவுக்கு, கேக் செய்தவளுக்கு என்று ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்தாள். அவள் கையின் கனம் என் தோளில் ஏறிக்கொண்டே போனது. நான் கண்ணை மூடி, முதுகை வளைக்காமல் நின்றேன். அவள் முடித்ததும், கூடத்தில் எல்லோரையும்விடச் சத்தமாக நான்தான் ஆமென் சொன்னேன்.