காற்றில்லாத நிலாவில் ஒரு புயல்

ஆசிரியருக்கு அறிவியலில் வாய்தான் நீளம். விண்வெளிக் கதை இதழ் நடத்துகிறோம் என்று பெரிய மேதை போல நடமாடுவார். பிழைதிருத்துபவர் ஒன்பது வருடமாக அந்த ஆளின் அபத்தங்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் வந்த கதையில் இரண்டு ஆண்கள் ஒரு நிலாவில் வீடு கட்டி, ஒருவரையொருவர் நேசித்து வாழ்ந்தார்கள். ஆசிரியர் முதல் வேலையாக அவர்களுக்குப் பச்சைத் தோல் போர்த்தினார். மனிதர்கள் என்றால் வாசகர் முகம் சுளிப்பாராம். பிறகு கடைசிப் பக்கத்தில் தன் கையாலேயே ஒரு புயலைக் கிளப்பி இரண்டு பேரையும் கொன்றார். இப்படிப்பட்ட ஜோடி கதை முடிவதற்குள் செத்தாக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

பிழைதிருத்துபவருக்கு மனம் ஒப்பவில்லை. இதழுக்குப் படம் வரையும் ஓவியரோடுதான் அவர் குடித்தனம் நடத்துகிறார். கேட்பவர்களிடம், இரண்டு ஆண்கள் வாடகையைப் பகிர்ந்துகொள்கிறோம், அவ்வளவுதான் என்பார்கள். கதையிலாவது இரண்டு பேர் உயிரோடு இருக்கட்டுமே என்று புரூஃபை எடுத்துக்கொண்டு ஆசிரியரின் அறைக்குள் போனார்.

“சார், அந்த நிலாவுல காத்தே இல்லன்னு மூணாம் பக்கத்துல வருது. புயல் எப்படி அடிக்கும்? கடுதாசி போட்டே நம்மளக் கிழிச்சிடுவாங்க.”

வாசகர் கடிதம் என்றால் ஆசிரியருக்குக் குலை நடுங்கும். “அப்போ வெள்ளம்?”

“தண்ணியும் இல்ல சார்.”

“காய்ச்சல்ல போகட்டும்யா.”

“கிருமியே இல்லாத இடம்னு அஞ்சாம் பக்கம்.”

“உனக்கென்னய்யா அவனுங்க மேல இவ்ளோ கரிசனம்?”

பிழைதிருத்துபவர் புரூஃபைப் புரட்டினார். “அறிவியல் மேலதான் சார்,” என்றார். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அச்சுக்கூடத்திலிருந்து மூன்றாவது முறையாக ஆள் புரூஃபைக் கேட்டு வந்து நின்றான். ஆசிரியர் சலிப்போடு புயல் பத்தியின் மேல் குறுக்குக்கோடு இழுத்தார். பிழைதிருத்துபவரின் மனம் துள்ளியது. ஆனால் பேனா மூடப்படவில்லை. தலைப்புக்கு மேலே ‘நகைச்சுவைக் கதை’ என்று எழுதியது.

“இப்போ உசுரோட இருந்துட்டுப் போகட்டும், சிரிப்பாங்க. உன் கூட இருக்கானே, அவன்கிட்ட சொல்லு. ரெண்டு பேருக்கும் கோமாளி மூக்கு வெச்சு வரையணும்.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், ஆசிரியர் சொன்னதைப் பிழைதிருத்துபவர் ஒரு சொல் விடாமல் ஓவியரிடம் ஒப்பித்தார்.

ஓவியர் பென்சிலைச் சீவினார். சுவர்க் கண்ணாடியில் தெரிந்த தங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே, “யாரப் பாத்து வரையட்டும்?” என்று கேட்டார்.